இரு சமுத்திர ஓட்டமும் உடலின் நீரும்

ஆபிரிக்காக் கண்டம் தெற்கே ஒடுங்கி முடிவெய்தும் இடத்திற்கு அணித்தாக, மலைகளையே முதுகெலும்பாகக் கொண்ட குடாநாடொன்று கடலினுள் நீண்டு கிடக்கின்றது. அதன் தலைப்பிற் கேப்டவுன் நகரமும், நுனியில் நன்னம்பிக்கை முனையும் அமைந்துள்ளன. கிழக்கே விரிந்து கிடப்பது பொய்க்குடா. மேற்கே மோதுவது அத்திலாந்திக் சமுத்திரம். இக்குடாநாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து, மலையேறி, மீண்டும் நகரை அடையும் 56 கிலோமீற்றர் நீளமான வீதியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் ஓடுகின்றனர். 'இரு சமுத்திர மரதன்' என்பது அவ்வோட்டத்தின் பெயர். மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர் என வரையறுக்கப்பட்டுள்ளமையின், அதனைக் கடந்த ஓட்டங்கள் அல்ட்ரா மரதன் என்னும் வகையைச் சாரும். இவ்வோட்டம் நெடுங்காலம் ஈஸ்டர் சனிக்கிழமையில் நடைபெற்று வந்தது. அண்மை ஆண்டுகளில் ஏப்பிரில் மாதத்தின் வேறு வாரவிறுதிகளிலும் நடந்துள்ளது. அந்நாட்டில் அஃது இலையுதிர் காலமாகும்.

பெயர் அழகியதாயினும் பூகோளவியலார் அதனை ஒப்புக்கொள்ளார். இந்து சமுத்திரமும் அத்திலாந்திக் சமுத்திரமும் பிரியும் எல்லை, கேப்டவுனுக்குத் தென்கிழக்கே 150 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள அகுலாஸ் முனையினூடாகச் செல்லும் கிழக்கு நெடுங்கோடு 20 பாகை என்பதே சர்வதேச வரையறை. அதன்படி நோக்கின், ஓட்டக்காரர் காணும் இரு கரைகளும் அத்திலாந்திக்கின் கரைகளே. எனினும் பெயர் முற்றிலும் பொருளற்றதன்று. மேற்குக் கரையிலே பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர்நீர் ஆழத்திலிருந்து மேலெழுகின்றது. கிழக்கே பொய்க்குடாவின் நீர் அதனிலும் பல பாகை வெப்பமானது. அங்கு நீராடுவோர் வரைபடத்தை நம்பாது தம் தோலையே நம்பி இரண்டு கடல்கள் என்றனர் போலும்.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இந்நிலம் முற்றிலும் அந்நியமானதன்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1652இல் இம்முனையிற் குடியேற்றம் அமைத்தது. ஆறாண்டுகளின் பின் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் அதே கம்பனியே. இரண்டும் 1795இல் ஆங்கிலேயர் வசமாயின. இடைப்பட்ட காலத்திலே இலங்கையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு இக்குடாநாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களும் கலந்த ஒரு சமுதாயத்தையே பிற்காலத்துத் தென்னாபிரிக்கச் சட்டம் 'நிறத்தவர்' என வேறுபிரித்து ஒதுக்கியது.

ஓட்டம் தொடங்கிய வரலாறு எளியது. தென்னாபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள டர்பன் நகருக்கும் உள்நாட்டிலுள்ள பீற்றர்மரிட்ஸ்பேர்க் நகருக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடும் 'கொம்ரேட்ஸ்' என்னும் ஓட்டம் 1921 முதல் நடைபெற்று வருகின்றது. அதற்குப் பயிற்சியாக ஒரு நெடிய ஓட்டம் வேண்டுமெனக் கேப்டவுனிலுள்ள செல்ரிக் ஹரியர்ஸ் கழகத்தார் கருதினர். 1970ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி 26 பேர் 35 மைல் தூரத்தை ஓடப் புறப்பட்டனர். டர்க்கி ஸ்டெய்ன் என்பவர் 3 மணி 55 நிமிடம் 50 விநாடியில் முதல்வராக வந்தார். பயிற்சிக்கென எழுந்த ஓட்டம் தானே ஒரு பெருவிழாவாகும் என்பதை அந்த இருபத்தறுவரும் எண்ணியிருத்தல் அரிது.

அவ்விருபத்தறுவர் ஓடிய நாளில் நிறவெறிச் சட்டங்கள் தென்னாபிரிக்காவில் முழு வலிமையுடன் விளங்கின. ஓட்டப்பாதையை அடுத்துள்ள கடற்கரைகளிற் பல வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தன. விளையாட்டும் அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தது. 1935இல் றொபேட் ம்சாலி என்னும் கறுப்பினத்தவர் கொம்ரேட்ஸ் ஓட்டத்தை ஓடி முடித்தும், அவர் பெயர் முடிவுப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2019இலேயே அவர் பெயரால் ஒரு பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. 1975இல் கொம்ரேட்ஸ் ஓட்டம் கறுப்பினத்தார்க்கும் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1976இல், இரு சமுத்திர ஓட்டத்தில் முதல்வராக வந்தவர் கபஷானே வின்சன்ட் ரக்கபேலே என்னும் கறுப்பினத்தவர். கறுப்பினத்தார்க்கு நீண்ட தூரம் ஓடும் ஆற்றலில்லை என்று சொல்லித் திரிந்தோர்க்கு விடையிறுக்க 56 கிலோமீற்றர் போதுமாயிற்று. 1988இல் தொம்சன் மகவானா என்பவர் இத்தூரத்தை 3 மணி 3 நிமிடம் 44 விநாடியில் ஓடிமுடித்தார். பெண்களுள் கெர்டா ஸ்டெய்ன் 2024இல் 3 மணி 26 நிமிடம் 54 விநாடியில் ஓடினார்.

இனிப் பாதையை நோக்குதல் தகும். நியூலண்ட்ஸ் என்னும் நகர்ப்புறத்திலே, விடியுமுன் இருளில், ஓட்டம் தொடங்குகின்றது. முதலிற் பாதை தெற்கு நோக்கி மியூசன்பேர்க் வரை சமதரையாகச் செல்கின்றது. பின்னர் பொய்க்குடாவின் ஓரமாக, ஒருபுறம் இருப்புப்பாதையும் அலையும், மறுபுறம் மலைச்சரிவும் நெருக்க, கால்க் பே என்னும் மீன்பிடித்துறையைக் கடந்து பிஷ் ஹூக்கை அடைகின்றது. இப்பகுதியில் ஏற்றம் பெரிதும் இல்லை. கூட்டமோ உற்சாகம் மிக்கது. புதியோர் தம் வேகத்தை இழப்பதன்று, மிகைப்படுத்துவதே இங்கு நேரும் தவறு. பிஷ் ஹூக்கிலிருந்து பாதை குடாநாட்டைக் குறுக்கறுத்து மேற்குக் கரையிலுள்ள நோட்ஹூக்கிற்குச் செல்லும்போது ஓட்டத்தின் பாதி முடிந்துவிடும். உண்மையான ஓட்டம் அங்கேதான் தொடங்குகின்றதென அனுபவமிக்கோர் கூறுவர்.

நோட்ஹூக்கிற்கு அப்பால் எதிர்ப்படுவது சப்மன் சிகரப் பாதை. 1915 தொடக்கம் 1922 வரை ஏழாண்டுகளாக மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட இவ்வீதி ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நீளமும் 114 வளைவுகளும் உடையது. கீழே உறுதியான கருங்கற்பாறை; மேலே அடுக்கடுக்கான மணற்கல்; இரண்டும் சந்திக்கும் இடத்தையே தெரிந்து வீதியை அமைத்தனர். அடித்தளம் உறுதியானது, ஆயின் மேலுள்ள மணற்கல் மழையாலும் காட்டுத்தீயாலும் நெகிழ்ந்து விழும் இயல்பினது. பாறை வீழ்ச்சியால் உயிர்ச்சேதம் நேரவே, 2000ஆம் ஆண்டு வீதி மூடப்பட்டு, 2003 டிசெம்பரிலேயே மீளத் திறக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் ஓட்டம் வேறொரு மலைப்பாதையாற் சென்றது. வீதி சுமார் 180 மீற்றர் உயரம் ஏறி, பின் ஹவுட் பே என்னும் துறையை நோக்கி இறங்குகின்றது. ஏற்றம் மூச்சை வாங்கும். இறக்கமோ தசையைச் சிதைக்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கவேண்டியிருத்தலின், அதன் நுண்ணிழைகள் ஏற்றத்திலும் இறக்கத்திலேயே மிகுதியாகக் கிழிவுறும். இறக்கத்தைக் கண்டு மகிழ்ந்து விரைந்தவர், ஹவுட் பேயில் மரதன் தூரம் முடிந்தபின் எதிர்ப்படும் கொன்ஸ்ரன்சியா நெக் என்னும் கணவாயில் அதன் விலையைச் செலுத்துவர். அக்கணவாய் 200 மீற்றருக்குச் சற்று மேலானது. உயரத்தால் அஃது அற்பமே. 42 கிலோமீற்றர் ஓடிய காலுக்கு அது மலையரசன். அதனைக் கடந்தபின் கேஸ்ரன்பொஷ் தாவரவியற் பூங்காவின் அருகாகச் சென்று, கேப்டவுன் பல்கலைக்கழக மைதானத்தில் ஓட்டம் முடிவுறும்.

இத்தூரத்தை ஓடும் உடலில் நிகழ்வது யாது? மனிதன் ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு அவனுடைய நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோகிராம் நிறையுடையான் 56 கிலோமீற்றர் ஓடின், செலவு 3,300 கலோரிக்கு மேற்படும். தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்டுள்ள மாச்சத்து இயல்பாக 2,000 கலோரி அளவினதே. எஞ்சியதைக் கொழுப்பிலிருந்தும் வழியில் உண்ணும் இனிப்புகளிலிருந்தும் பெறவேண்டும். கொழுப்பு எவரிடத்தும் போதியது உண்டு. ஆயின் அது மெல்ல எரிவது. தொடக்கத்தில் விரைந்தோடுவோன் விரைவில் எரியும் மாச்சத்தையே மிகுதியாகச் செலவிட்டு, கணவாயின் அடியில் வெறுங்கையனாய் நிற்பான். மெல்லத் தொடங்குக என்னும் அறிவுரையின் உடலியற் காரணம் இதுவே.

செலவாகும் சக்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே இயக்கமாகின்றது. மூன்று பங்கு வெப்பமாகி வெளியேற வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை முற்றாக ஆவியாயின் 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். மேற்கூறிய ஓட்டக்காரன் தன் வெப்பம் முழுவதையும் வியர்வையினாலேயே போக்குவதாயின் நாலு லீற்றருக்கு மேல் வேர்க்கவேண்டும். நல்வினையாகக் காற்று அவனுக்கு உதவுகின்றது. தென்கீழ்க் காற்று வீசும் நாளில், பொய்க்குடாவின் ஓரமாகத் தெற்கே ஓடுங்காற் காற்று எதிரே மோதும். ஓட்டம் கடினமாகும், உடலோ குளிரும். வடக்கே திரும்பியபின் அதே காற்று முதுகிலே வீசும், அல்லது மலை அதனை மறைக்கும். தன்னுடன் ஒரே வேகத்திற் செல்லும் காற்று ஓட்டக்காரனுக்குக் காற்றில்லாமைக்கு ஒப்பானது. வெயிலும் அப்போது ஏறியிருக்கும். ஆகவே களைப்பு மிகுந்த இடத்திலேயே வெப்பமும் மிகுகின்றது; தண்ணீர் மேசையைக் கண்டவிடமெல்லாம் நிற்கத் தோன்றுகின்றது.

எவ்வளவு நீர் பருகவேண்டும் என்னும் வினாவிற்குக் கூறப்பட்ட விடைகள் ஒரு நூற்றாண்டிற்குள் தலைகீழாக மாறின. அம்மாற்றங்களில் தென்னாபிரிக்காவின் வீதிகளுக்குப் பெரும் பங்குண்டு. முற்காலத்து ஓட்டக்காரர் நீர் பருகுதலை வலிமைக்குறைவாகவே கருதினர். மரதன் விதிகளும் முதற் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குள் பானம் வழங்குதலை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1969இலே வின்டம், ஸ்ட்ரைடம் என்னும் இருவர் இக்கொள்கையை மறுத்து எழுதினர். தங்கச்சுரங்கங்களின் கடும் வெப்பத்தில் உழைக்கும் தொழிலாளரின் உடல்நிலையை ஆராய்ந்தவர்கள் அவர்கள். 20 மைல் ஓட்டங்களில் ஓடியோரை நிறுத்தும் உடல்வெப்பத்தை அளந்தும் பார்த்தபோது, நீரிழப்பு மிகுந்தோருக்கு வெப்பமும் மிகுந்திருக்கக் கண்டனர். எனவே தாகம் தோன்றுமுன்னரே ஒழுங்காக நீர் பருகவேண்டும் என்றனர். இம்முடிவு விரைவிற் பரவியது. 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, வயிறு தாங்கும் எல்லைவரை பருகலாம் எனும் அளவிற்குச் சென்றது. பானம் விற்போர்க்கு இதனினும் உவப்பான அறிவுரை வேறில்லை.

ஆயின் முதல் ஆராய்ச்சியில் ஒரு சிக்கல் இருந்தது. வேகமாக ஓடுவோன் மிகுதியாக வேர்ப்பான். அவன் உடல் மிகுதியாக வெம்மையுறும். அவனுக்குப் பருக நேரமும் இராது. நீரிழப்பும் வெப்பமும் ஒருங்கே தோன்றுதலால் முன்னது பின்னதன் காரணம் என்று கொள்ளலாமா? இரண்டும் வேகம் என்னும் ஒரு தாயின் பிள்ளைகளாகவும் இருக்கலாம் அன்றோ? ஓட்டங்களில் முதலாவதாக வருவோர் பெரும்பாலும் நிறையை அதிகம் இழந்தோராயிருத்தல் இவ்வையத்தை வலுப்படுத்துவது.

கேப்டவுன் பல்கலைக்கழகத்து மருத்துவ அறிஞரும், தாமே நெடுந்தூரம் ஓடியவருமான ரிம் நோக்ஸ் 1985இல், உடன் ஆராய்ந்தோர் சிலருடன், ஓர் அறிக்கை வெளியிட்டார். நெடிய போட்டிகளிற் பங்குபற்றி மயக்கமுற்று வீழ்ந்த நால்வரின் வரலாறு அதிற் கூறப்பட்டது. நீரின்மையால் வீழ்ந்தனர் என்று காண்போர் எண்ணினர். குருதியைச் சோதித்தபோது அவர்கள் நீர் மிகையால் வீழ்ந்தமை புலப்பட்டது. குருதியிற் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருத்தல் இயல்பு. தேவைக்கு மேற் பருகிய நீர் அதனை நீர்த்துவிடுகின்றது. ஓய்வாயிருக்கும் உடல் மிகை நீரைச் சிறுநீராகக் கழித்துவிடும்; நெடிய ஓட்டத்தின் அழுத்தத்திலோ, நீரைக் காக்கும் ஓமோன் சுரந்துகொண்டேயிருத்தலாற் சிறுநீரகம் அதனைக் கழிப்பதில்லை. நீர்த்த குருதியிலிருந்து நீர் உடற்கலங்களினுட் புகும். ஏனைய உறுப்புகள் வீங்க இடமுண்டு. மண்டையோட்டினுள் அடைபட்ட மூளைக்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, மயக்கம் என முறையே தோன்றி மரணத்திலும் முடியலாம். இத்தகையோரை நீரிழந்தார் எனக் கருதி மேலும் நீரேற்றுதல் உயிருக்கே உலையாகும்.

வியர்வையில் உப்பு வெளியேறுதலாலேயே இந்நிலை நேர்கின்றது என்று பலர் இன்றும் கூறுவர். நெற்றியிற் படியும் உப்புப் பொருக்கைக் கண்டோர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயின் வியர்வை குருதியிலும் உப்புக் குறைந்த நீர். உப்புக் குறைந்த நீர் வெளியேறின், உள்ளே எஞ்சிய குருதியின் உப்புச்செறிவு ஏறுமேயன்றி இறங்காது. இறங்குவது, இழந்ததிலும் மிகுதியாகப் பருகும்போதே. விளையாட்டுப் பானங்களில் உப்புண்டே எனின், அவற்றின் சோடியமும் குருதியின் சோடியத்தில் மிகச் சிறு பங்கினதே. மிகையாகப் பருகின் அவையும் நீரின் வேலையையே செய்யும்.

இவ்வறிக்கை உடனே உலகை மாற்றிவிடவில்லை. 2002இல் அமெரிக்காவின் போஸ்டன் மரதனில் ஓடிய இளம்பெண்ணொருவர் இந்நோயால் உயிரிழந்தார். அவ்வோட்டத்தில் குருதி கொடுத்த 488 பேரின் நிலை 2005இல் வெளியிடப்பட்டது. அவர்களுள் நூற்றுக்குப் பதின்மூவரின் சோடியம் 135 அல்லது அதற்குக் கீழே இருந்தது. மூவரின் நிலை உயிராபத்தை அண்மியது. ஓடும்போது நிறை கூடியோரும், நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியோருமே பெரிதும் பாதிப்புற்றனர். ஓடி முடித்தவன் தொடங்கியதிலும் பாரமாயிருத்தல் எத்துணை முரண்பாடு! அதே 2005இல் இந்நோய் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு கூடியது. கூடிய நகரம் கேப்டவுனே. தாகத்தை அளவுகோலாகக் கொண்டு பருகுக என்பதே அவ்வறிஞர் வழிவந்த அறிவுரை. அமெரிக்கக் கல்லூரியும் 2007இல் தன் பழைய கூற்றைத் திருத்தி, மிகையாகப் பருகுதலை எச்சரித்தது.

இரு சமுத்திர ஓட்டமே ஆய்வுகூடமாக அமைந்த சந்தர்ப்பங்களும் உண்டு. நெடிதோடும் உடலை நோய் அணுகாது என்னும் எண்ணம் பரவியிருந்த காலத்தில், பீற்றர்ஸ், பேற்மன் என்னும் இருவர் 1982இல் இதனை ஓடிய 150 பேரை ஓட்டத்தின் பின் இரு வாரம் அவதானித்தனர். அவர்களுள் நூற்றுக்கு 33.3 வீதத்தினர்க்குத் தடிமனும் தொண்டைநோவும் கண்டன. ஓடாத வீட்டார் முதலியோர்க்கு 15.3 வீதமே. நேரம் குறைவாக, அஃதாவது விரைவாக, ஓடியோரிடத்து நோய் மிகுந்திருந்தது. மிதமான பயிற்சி உடலைக் காக்கும் என்பதை இது மறுக்கவில்லை. போட்டி பயிற்சியன்று என்பதையே காட்டியது. இத்தூர ஓட்டங்களிற் கெண்டைக்கால் பிடிப்புற்றோரை ஆராய்ந்த கேப்டவுன் அறிஞர், பிடிப்புற்றோர்க்கும் பிறர்க்கும் குருதியின் உப்பிலோ உடலின் நீரிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை. களைப்புற்ற தசைக்கும் அதனை ஆளும் நரம்புக்கும் இடைப்பட்ட ஒழுங்கின்மையே காரணம் என்பது அவர் கருத்து. இன்றும் ஓட்டக்காரர் பலர் பிடிப்புக்கு உப்பையே தேடுகின்றனர். கேள்வியாற் பெற்ற மருத்துவம் எளிதில் அழிவதில்லை.

2012 முதல், ஓட்டத்திற் சேர விரும்புவோர் தம் உடல்நிலை பற்றிய வினாக்களுக்கு முன்கூட்டியே விடையளிக்குமாறு கேட்கப்பட்டனர். இருதய நோய் முதலியன உடையோர் வைத்தியரை நாடுமாறு அறிவுறுத்தப்பட்டனர். அவ்வாண்டு தொடக்கம் 2015 வரை ஓட்டத்திற் கடும் நோயுற்றோரின் வீதம் அதற்கு முந்திய நாலாண்டுகளிலும் குறைந்தது. மருந்தொன்றும் கண்டுபிடிக்காமல், கேள்வி கேட்டதனால் மாத்திரம் விளைந்த பயன் இது.

முதலாவதாக வருபவர் மூன்று மணித்தியாலத்திற் பல்கலைக்கழக மைதானத்தை அடைந்து ஓய்வெடுக்கும்போது, பின்வருவோர் சப்மன் சிகரத்தின் வளைவுகளிலோ ஹவுட் பேயிலோ இருப்பர். ஓட்டத்தை முடித்தற்கு விதிக்கப்பட்ட எல்லை ஏழு மணித்தியாலம். வெயிலில் நெடுநேரம் நிற்போரும், ஒவ்வொரு மேசையிலும் நின்று பருக நேரமுள்ளோரும் இவர்களே; நீர் மிகையின் அபாயமும் இவர்களையே சூழ்ந்தது. பார்வையாளர் அன்பினால் நீட்டும் சிறு நீர்ப்பைகளை வாங்கி, பல்லாற் கடித்துத் திறந்து, வாய் நனைத்து, எஞ்சியதைத் தலையில் ஊற்றிக்கொண்டு செல்வோரை இன்று அவ்வீதியில் மிகுதியாகக் காணலாம். ஏழாவது மணி நிறைவெய்தியதும் முடிவுக்கோடு மூடப்படும். ஒரு விநாடி பிந்தி வந்தவரின் பெயரும் முடித்தோர் பட்டியலில் ஏறாது. கோட்டின் அப்பால் வைத்தியக் கூடாரத்தில், வீழ்ந்தவரொருவர்க்கு நீரேற்றுமுன் அவர் குருதியின் சோடியத்தை முதலில் அளந்து பார்க்கின்றனர்.